துப்ப வேண்டிய மிடறு

ரமாபாயின் மூக்கு எப்படி இவ்வளவு கூர்மையானது என்று ஓட்டலில் யாராவது கேட்டால், அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் வெளியில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது.

அவள் சிறுமியாக இருந்தபோது குடும்பம் வியாசர்பாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருந்தது. அப்பா பரசுராமன் வேலை முடிந்து படியேறி வரும்போதே அவள் வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். பிராந்தியா ரம்மா, கொஞ்சமா நிறையவா, வழியில் வாந்தி எடுத்தாரா, பாக்குப் போட்டு மறைத்துக்கொண்டு வருகிறாரா என்பதெல்லாம் அவர் முகம் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அம்மா சொக்கம்மாள் அடுப்படியிலிருந்து கண்ணால் கேட்பாள். ரமாபாய் ஒன்றுமில்லை என்று தலையாட்டினால் அம்மா சாப்பாட்டுத் தட்டை எடுத்துவைப்பாள். அசையாமல் நின்றால் உடையக்கூடிய சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

பரசுராமன் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர். ரமாபாய் ஏழாவது படிக்கும்போது ஒருநாள் மதியமே குடித்துவிட்டு வண்டியில் ஏறினார். அடுக்கி வைத்திருந்த மூட்டைகளை வெள்ளத்துரை என்கிற கூட்டாளியின் மேல் சரித்துவிட்டார். வெள்ளத்துரைக்குக் கால் முறிந்தது. அந்த மனிதர் போலீசுக்குப் போகவில்லை. கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு பரசுராமனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நான் யாரான்ட்டயும் எதுவும் சொல்லல பரசு. ஆனா நான் எழுந்து நடக்கிற வரிக்கும் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீதான் என்னத் தாங்கிப் புடிச்சி விகாருக்கு இட்டுகினு போணும். அவ்ளோதான்."

வியாசர்பாடியில் ஒரு சிறிய புத்த விகாரில் ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும். எல்லோரும் தரையில் அமர்ந்து ஐந்து சீலங்களையும் சேர்ந்து சொல்வார்கள். கொல்லேன், திருடேன் என்று தொடங்கி, மதியை மயக்கும் எதையும் தொடேன் என்று ஐந்தாவதில் முடியும். வெள்ளத்துரையைத் தோளில் தாங்கிக்கொண்டு போன பரசுராமன் முதல் சில வாரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் சொன்னார். சொன்ன பிறகு தொடவில்லை. கை நடுங்கியது, தூக்கம் போனது, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கத்தினார். ஆனாலும் தொடவில்லை. பழைய குடிக் கூட்டாளிகள் கண்ணில் படக் கூடாது என்று குடும்பம் கல்மண்டபத்துக்கு வாடகைக்கு வந்தது. காலப்போக்கில் அந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் குடித்துவிட்டு அடிதடி நடந்தாலும் "பரசு அண்ணனக் கூப்டு" என்று சொல்லும் நிலை வந்தது. அவர் போய் அந்த ஆளோடு விடியும் வரை உட்கார்ந்திருந்து, காலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். சொக்கம்மாள் இதைப் பற்றி வெளியில் பெருமையாகப் பேசமாட்டாள். ஆனால் கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ போனால் கணவர் பக்கத்தில் நிமிர்ந்து உட்காருவாள்.

ரமாபாய் கேட்டரிங் படித்தாள். நகரத்தின் தென்பக்கம் ஒரு பெரிய ஓட்டலில், வெளிநாட்டுச் சாப்பாடு பரிமாறும் உணவகத்தில் வேலை கிடைத்தது. முதல் ஆண்டு தட்டு எடுப்பதும் மேசை விரிப்பதும்தான். ஒருநாள் விருந்தினர் மேசைக்குப் போகவிருந்த ஒயின் பாட்டிலைத் திறந்தவுடன் அவள் முகத்தைச் சுளித்தாள். மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. துறைமுகப் பக்கம் வளர்ந்தவளுக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். உணவக மேலாளர் ஜெரி வாங்கி முகர்ந்தார். கார்க் கெட்டுப்போன பாட்டில் என்றார். அதற்கடுத்த வாரம் ஒயின் பயிற்சிக்கு ஆள் எடுத்தபோது அவள் பெயரையும், ராயபுரத்திலிருந்து வரும் ஜூடியின் பெயரையும் சேர்த்தார்.

பயிற்சியில் முதல் சில நாள் வெள்ளை ஒயின்கள். அவற்றை அவள் பாடம் படிப்பதைப் போலப் படித்தாள். பயமாக இல்லை. பிறகு ஒருநாள் ஜெரி, பிரான்ஸில் போர்தோ என்கிற ஊரின் சிவப்பு ஒயினைத் திறந்தார்.

"இது ஒரே திராட்சையில செஞ்சது கிடையாது. கலவை. முக்கியமா ரெண்டு. கபெர்னே, மெர்லோ. கபெர்னே நிமிர்ந்து நிக்கிற ஆளு. மெர்லோ சாஞ்சு உக்கார்ற ஆளு. ஊருக்கு நடுவுல ஆறு ஓடுது. இடக்கரையில கபெர்னே ஜாஸ்தி போடுவாங்க, வலக்கரையில மெர்லோ ஜாஸ்தி. ருசிச்சுப் பாத்து எந்தக் கரைன்னு சொல்லணும். பரீட்சையில அதத்தான் கேப்பாங்க."

கிளாஸைச் சுழற்றினாள். உள்பக்கம் ஏறிய சிவப்பு மெதுவாக வழிந்து இறங்கியது. மூக்கை விட்டாள். நாவல்பழம். அதன் பின்னால் பென்சில் சீவும்போது வரும் மரவாசனை. கொஞ்சம் பொறுத்து ஈரப் புகையிலை. வாயில் விட்டபோது நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அப்படி ஈறெல்லாம் வறண்டது. வாளியில் துப்பினாள். துப்பிய பிறகும் அது போகவில்லை. முதலில் பழமாக இருந்தது மெல்ல மரமாகி, கடைசியில் மழை பெய்த மண்ணைப் போல நாக்கின் அடியில் தங்கியது.

அவள் அந்தப் பழைய நாற்றத்துக்காகக் காத்திருந்தாள். படிக்கட்டில் ஏறி வருமே, அது. வரவில்லை. இதுவும் போதை தருவதுதான், இரண்டு கிளாஸ் போனால் எந்த மனிதனும் தடுமாறுவான் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவளுக்கு அது பிடித்திருந்தது. பயந்துகொண்டு வந்தது ஒன்றுக்கு, நடந்தது வேறு. வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தாள். ஏலக்காய் மென்றாள். மெட்ரோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையில் மூச்சு விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறைத்து வைக்க அவளால் முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில் சாப்பிடும்போது சொன்னாள்.

சொக்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். பரசுராமன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"குடிக்கிறியா?"

"இல்ல நைனா. வாயில வச்சிட்டுத் துப்பிடுவோம். பக்கத்துலயே வாளி வச்சிருப்பாங்க."

"அல்லாரும் துப்புவாங்களா?"

"எல்லாருமே. துப்பலன்னா அடுத்தத ருசி பாக்க முடியாது."

அவர் பிசைந்த சோற்றை ஒரு வாய் தின்றார். பிறகு, "வேலன்னா வேலதான். நானும் யார்டுல மருந்து டிரம்மு, ஆசிட்டு அல்லாத்தையும்தான் தூக்கறேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. அது இந்த வூட்டு வாசப்படி தாண்டக் கூடாது. பாட்டிலாவும் வரக் கூடாது, உன் வயித்துல ஏறியும் வரக் கூடாது."

"வராது நைனா."

"எனக்காவத்தான் சொல்றேன். உன்னக் கட்டிப்போடறதுக்கு இல்ல."

சொக்கம்மாளுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. இருந்தாலும் கணவரே ஒப்புக்கொண்டதால் வாயை மூடிக்கொண்டாள். ரமாபாய் தினமும் வீட்டுக்கு வந்ததும் முதலில் குளித்துவிட்டுத்தான் அப்பாவிடம் பேசுவாள். ஓட்டல் சட்டையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். அப்படியே ஓர் ஆண்டுக்கு மேல் ஓடியது.

அதன்பின் ஓட்டல் நிர்வாகம் அவளையும் ஜூடியையும் பெங்களூரில் நடக்கும் ஒயின் தேர்வுக்கு அனுப்ப முடிவு செய்தது. தேறினால் ஒயின் பரிமாறும் பொறுப்பு முழுவதும் அவர்கள் கைக்கு வரும். பெயர் தெரியாத கிளாஸ்களை முன்னால் வைப்பார்கள். ருசி பார்த்து இன்னதென்று எழுத வேண்டும். மற்றதெல்லாம் ரமாபாய்க்குச் சரியாக வந்தது. போர்தோ கலவைகளில்தான் தடுமாறினாள். இடக்கரை எது வலக்கரை எது என்று ஒவ்வொரு முறையும் மாற்றிச் சொன்னாள்.

கப்பலில் வேலை பார்க்கும் ஜூடியின் அண்ணன் விடுப்பில் வந்தபோது இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொரு பாட்டில் கொண்டுவந்தான். இரண்டு பெண்களும் ஜூடியின் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பழகினார்கள். ஆனால் மறுநாளே மாதா கோயில் திருவிழாவுக்கு ஜூடி வீட்டில் உறவினர்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். மாடியில் கூடப் பாய் விரிக்க இடமில்லை.

"மிச்சத்த எங்க மாமாங்க ஒரே மூச்சுல காலி பண்ணிடுவாங்க" என்றாள் ஜூடி. மருந்து பாட்டில் அளவுக்கு இரண்டு கண்ணாடிப் புட்டிகளை வெந்நீரில் கழுவி வைத்திருந்தாள். "இதுல வாய் வரைக்கும் ஊத்தித் தரேன். காத்து போவலன்னா ரெண்டு மூணு நாள் கெடாது. காலைல வெறும் வயித்துல மோந்து பாரு. அப்பதான் மூக்கு சுத்தமா இருக்கும்."

"எங்க வூட்டுக்கு எடுத்துகினு போவக் கூடாது ஜூடி. உனக்குத் தெரியும்ல."

"குடிக்கவா போற? ரெண்டே நாளு. அப்பறம் கொட்டிடு."

ரமாபாய் கையில் வாங்காமல் நின்றாள். பிறகு வாங்கிப் பையில் போட்டாள். ஒன்றின் மேல் 'இ' என்றும் இன்னொன்றின் மேல் 'வ' என்றும் தன் கையால் எழுதி ஒட்டினாள். வீட்டில் பீரோவின் கீழ்த்தட்டில் பழைய புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

இரண்டு காலையும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, குளியலறைக்குள் போய் டீ கிளாஸில் கொஞ்சமாக ஊற்றி, உள்ளங்கையால் மூடிச் சுழற்றி முகர்ந்தாள். ஒரு துளி நாக்கில் வைத்துத் துப்பினாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடுவதைப் போல வந்து நழுவியது. மூன்றாம் நாள் காலை வேலைக்கு நேரமாகிவிட்டது. திரும்பி வந்து கொட்டிவிடலாம் என்று கிளம்பிவிட்டாள்.

அன்று மாலை வெயில் தாழும் முன்பே வீடு திரும்பினாள். தெருவில் தண்ணீர் லாரி நின்றது. குடங்களுக்கு இடையில் வழி கண்டுபிடித்து வந்தவள் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தபோதே நின்றுவிட்டாள்.

பரசுராமன் உள்ளே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு அவளை எட்டியது. கனிந்த பழம், உறுத்தாமல் மெத்தென்று. பின்னால் லேசாகச் சாக்லேட். அவள் மனது தானாகச் சொன்னது: வலக்கரை. மெர்லோ.

இத்தனை நாள் பிடிபடாத வித்தியாசம் அந்த இடத்தில், அப்பாவின் வாயில், சந்தேகமில்லாமல் பிடிபட்டது. அடுத்த கணமே அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா என்ன ஆனார் என்று பதறுவதற்கு முன்னால் எந்தக் கரை என்று பார்த்திருக்கிறோமே என்று இருந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மோந்துட்ட" என்றார் பரசுராமன். "சின்னப் புள்ளைலயே உன் மூக்க ஏமாத்த முடியாது."

"நைனா..."

"குந்து. கத்தாத. வெள்ளத்துர வூட்ல பேத்தி பொறந்துகீது. கொயந்தைக்குப் பழைய நூல் பொடவ வோணும்னு உங்கம்மா எடுத்து வெக்கச் சொல்லிட்டு முன்னாடி போய்ட்டா. கீழ கைய உட்டேன். பாட்டில் வந்துது. உன் கையெழுத்து."

"தப்பு என்னுதுதான் நைனா. ரெண்டு நாள்தான்னு..."

"கொட்டிட்டிருக்கணும். கொட்டத்தான் எட்த்துகினு போனேன்." அவர் குரல் அமைதியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "நேத்து காலைல பாத்ரூம் கதவு சரியா சாத்தல நீ. கிளாஸ மோந்துகினு தனியா சிரிச்சிகினு நின்ன. எம் பொண்ணு அப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. அப்டி இன்னாதான் கீது அதுலன்னு தோணிச்சி. நான் அத்தினி வருசம் குடிச்சேனே, ஒரு நாளாச்சும் ருசி பாத்துக்கீறேனா? மூக்கப் புடிச்சிகினு உள்ள தள்ளினதுதான். நீ சொன்னியே, வாயில வச்சிட்டுத் துப்பிடலாம்னு. சிங்க் கிட்ட நின்னுகினுதான் ஊத்தினேன்."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"துப்ப வரல ரமா. எனக்குத் துப்பத் தெரியல. தொண்ட தானா இஸ்துகிச்சி. அப்பறம் மிச்சத்தயும் ஊத்திகினேன்."

"இன்னொண்ணு?"

"அத்தக் கொட்டிட்டேன். மெய்யாலுமே."

அவளுக்கு அது உண்மை என்று தெரிந்தது. அவர் மூச்சில் இருந்தது ஒன்றுதான்.

சொக்கம்மாள் வந்து விஷயம் தெரிந்ததும் அழவில்லை. காலியான புட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சின்னதா என்று பார்ப்பதைப் போலிருந்தது. பிறகு மகளிடம் திரும்பினாள்.

"இந்தாளு கை நடுங்கினப்போ வாயில சக்கரத் தண்ணி ஊத்தினவ நானு. ராவெல்லாம் கதவாண்ட குறுக்க படுத்தவ நானு. நீ அப்போ தூங்கிகினு இருந்த. உனக்கு அது இன்னான்னே தெரியாது. தெரிஞ்சிருந்தா நீ இத்த உள்ள கொண்ணாந்திருக்க மாட்ட."

"உடு சொக்கு" என்றார் பரசுராமன். "அவ கொண்ணாராட்டி இன்னா? தெருமொனையில கட கீது. நான்தான் குடிச்சேன். அவ ஊத்திக் கொடுக்கல."

"கடைய நீ தாண்டிப் போவ. அத்தினி வருசமா தாண்டிட்ட. இது உன் பொண்ணு கையெழுத்து போட்டு வூட்டுக்குள்ள வந்துது. அத்த எப்டியா தாண்டுவ?"



அடுத்த நாட்களில் பரசுராமன் வேலைக்குப் போனார், வந்தார். கடலை மிட்டாயை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்று தின்றார். ஞாயிற்றுக்கிழமை விகாருக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்றார். பக்கத்துத் தெருவில் ஒருவன் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான் என்று ஆள் வந்தபோது உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ரமாபாய் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். அப்பாவோடு யார்டு வாசல் வரை பஸ்ஸில் போய்விட்டுத் திரும்பினாள். அவர் அதை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

ஒருநாள் மதியம் வெள்ளத்துரை யார்டிலிருந்து போன் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் வெளியே போன பரசு திரும்பவில்லை என்றார். ரமாபாய் ஆட்டோ பிடித்துப் போனாள். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் டிரெய்லர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. வெள்ளத்துரை முறிந்து சேர்ந்த காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு லாரியின் அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். அவள் மறுபக்கமாகப் போனாள். டீசலும் தூசியுமாக எதுவும் தெரியவில்லை. ஒரு லாரியின் பின்சக்கரத்துக்கு அருகில், நிழலில், பரசுராமன் மல்லாந்து கிடந்தார். யார்டு சட்டையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். வரிசை நகர ஆரம்பித்திருந்தால் அந்தச் சக்கரம் அவர் மேல்தான் ஏறியிருக்கும்.

அவரை இழுத்து ஓரமாகப் போட்டார்கள். அவர் மேல் வீசியது பழைய பிராந்தி நாற்றம். வேறொன்றும் இல்லை. ரமாபாய் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். லாரி டிரைவர்கள் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

"மாமா, என்னாலதான்" என்றாள் வெள்ளத்துரையிடம்.

"இப்ப அதுக்கு நேரமில்ல கண்ணு. காலப் புடி. ஆட்டோல ஏத்தலாம்."

அரசு ஆஸ்பத்திரியில் குடிமீட்பு வார்டில் சேர்த்தார்கள். பரசுராமன் எத்தனையோ பேரை அழைத்து வந்து சேர்த்த அதே வார்டு. அங்கிருந்த நர்சுக்கு அவரைத் தெரியும்; வாசலில் வெள்ளத்துரை அவர் பெயரைச் சொன்னது காதில் விழுந்தது. "பரசண்ணா, இன்னிக்கி யார இட்டுகினு வந்தீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், ஆட்டோவிலிருந்து இறக்கப்படுபவர் யார் என்று பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். மயக்கத்திலும் அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யார்டில் ஒப்பந்தக்காரர் அவரை ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கிவிட்டார். திரும்பி வந்தால் கேட்டில் நிற்கும் வேலை தருவதாகச் சொன்னார். அதுவும் வெள்ளத்துரை போய்ப் பேசியதால்.

தேர்வுக்குப் போகப்போவதில்லை என்று ரமாபாய் முடிவு செய்திருந்தாள். ஓட்டல் வேலையையும் விட்டுவிடுவது என்று இருந்தாள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அதைச் சொன்னாள். தன்னை அணைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. சொக்கம்மாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போயி எய்திட்டு வா. நீ வேலைய உட்டா அதுவும் அந்தாளு தலமேலதான் உயும். எம் பொண்ணு என்னால நாசமாப் போனாள்னு அதுக்கு ஒரு தபா குடிக்கும்."

"சரிம்மா."

"எய்திட்டு அப்டியே ஒரு ஆஸ்டல் பாத்துக்க. வூட்டுக்கு வரப் போவ இரு. தங்காத. உன் மேல வெறுப்பு இல்ல. நீ துப்பிட்டு வந்தாலும் குளிச்சிட்டு வந்தாலும் அது உன்கூட வருது. அந்தாளுக்கு முன்னாடி தெரியாது. இப்ப தெரிஞ்சிபோச்சி."

பெங்களூர்த் தேர்வு அறையில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. சிவப்பு ஒயின் கிளாஸைத் தூக்கிய உடனே ரமாபாய்க்குத் தெரிந்துவிட்டது. கனிந்த பழம், மெத்தென்ற மெர்லோ. மற்றவர்கள் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரே ஒரு மிடறு வாயில் வைத்தாள். அதைத் துப்புவதற்கு அவளுக்கு வெகு நேரம் பிடித்தது. விழுங்க ஆசைப்பட்டதால் இல்லை. துப்புவது எவ்வளவு சுலபமாகத் தனக்கு வருகிறது என்று அப்போதுதான் அவள் கவனித்தாள். அப்பா சிங்க் அருகே குனிந்து நின்றிருப்பார். வாயைத் திறந்துகூடப் பார்த்திருப்பார். பக்கத்து மேசையிலிருந்த ஜூடி அவளை எட்டிப் பார்த்தாள். ரமாபாய் துப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். போர்தோ, வலக்கரை, மெர்லோ முதன்மை. காரணம் எழுதவேண்டிய இடத்தில் பழம், மரம், துவர்ப்பு என்று எல்லாவற்றையும் முறைப்படி எழுதினாள்.

தேறிவிட்டாள். ஜெரி எல்லோர் முன்னாலும் கைதட்டச் சொன்னார். ஓட்டலுக்குப் பக்கத்தில் பெண்கள் விடுதியில் இடம் பார்த்துக்கொண்டாள். அப்பாவிடம் தேர்ச்சியைப் பற்றி அவள் சொல்லவில்லை.

பரசுராமன் வார்டிலிருந்து வந்து சில வாரங்களுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விகாருக்குப் போனார். ரமாபாயும் வந்திருந்தாள். அவர் எழுந்து நின்று, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பாட்டில் எப்படி வீட்டுக்குள் வந்தது என்பதைச் சொல்லவில்லை. குடித்தேன், விழுந்தேன், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன் என்று மட்டும் சொன்னார். சிலர் தலைகுனிந்துகொண்டார்கள். அவர் கைபிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திருந்திய ஒருவன் எழுந்து வெளியே போய்விட்டான். பிறகு எல்லோரும் சீலங்களைச் சொன்னார்கள். ஐந்தாவது வந்தபோது ரமாபாய் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாலை அதைத் தொடத்தான் போகிறாள். பொய்யாகச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பரசுராமன் தன் குரலில் அதைச் சொல்லி முடித்தார்.

கூட்டம் முடிந்து அவளை பஸ் ஏற்றிவிட அவரும் நடந்து வந்தார். மெலிந்திருந்தார். கேட் வேலையில் நாளெல்லாம் வெயிலில் நிற்பதால் முகம் கறுத்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஒரு மூடிய கடையின் ஷட்டரை ஒட்டி நின்றார்கள்.

"பாஸ் பண்ணிட்டியாமே. ஜூடிப் பொண்ணு அவங்கம்மாவாண்ட சொல்லி, உங்கம்மா காதுக்கு வந்துது."

"ஆமா நைனா."

"என்னான்ட்ட சொல்லல நீ."

"எப்டி சொல்றதுன்னு தெரியல."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்டெய்னர் ஏற்றிய வண்டி ஒன்று அதிர்ந்துகொண்டு போனது. அது போய் முடியும் வரை பொறுத்திருந்து பேசினார்.

"ஒண்ணு சொல்றேன். உங்கம்மாவாண்ட சொல்லிக்காத. மொத வாய் நல்லாத்தான் இருந்துச்சி. நீ எதுக்கு சிரிச்சேன்னு எனக்கு வெளங்கிச்சி. ரெண்டாவது வாய்க்கு அது எதுவும் இல்ல. பழைய பரசுதான் குடிச்சான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெனிக்கும் அந்த மொத வாய் நெனப்புக்கு வருது. யார்டு கேட்டுல நின்னுகினு இருப்பேன், வந்துடும். அத்த எங்க வெக்கிறதுன்னுதான் தெரியல."

ரமாபாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலையை விட்டுவிடவா என்று கேட்க வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"வேலய உடறேன்னு ஆரம்பிக்காத. பஸ்ஸு வர்து பாரு."

பஸ் கூட்டமாக வந்தது. அவள் படியில் ஏறி உள்ளே நகர்ந்து, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். பரசுராமன் வீட்டுப் பக்கம் போகவில்லை. விகாரிலிருந்து வெள்ளத்துரை நொண்டிக்கொண்டு வந்து சேரும்வரை ஷட்டரை ஒட்டியே நின்றார். பிறகு இருவரும் பேசிக்கொண்டே சாலையைக் கடந்தார்கள்.